மூளையின் மின் அலைகள்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. இது வழக்காடு மன்றத்துக்கு மட்டும் உரிய அறிவுரை அன்று. அறிவியல் ஆராய்ச்சிக்கும் உரியதே. கண் எவ்வாறு காண்கிறது, கண்டதை மூளை எவ்வாறு உணர்கிறது என்று ஆராயப் புகுந்த அறிஞர்கள், மூளையில் எழும் நுண்ணிய மின் மாற்றங்களைக் கருவிகொண்டு அளந்தார்கள். அளந்தபின், "இக்கருவி காட்டுவது மெய்தானா?" என்று தம்மையே வினவிக்கொண்டார்கள். அவ்வினாவுக்கு விடை காண அவர்கள் மேற்கொண்ட முயற்சி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து வருகின்றது. ஓர் அளவை எப்பொழுது நம்பத் தக்கதாகும் என்பதை அம்முயற்சியின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

பொருளின்மேல் பட்டு வரும் ஒளி கண்ணுட் புகுந்து விழித்திரையில் விழுகின்றது. விழித்திரை அவ்வொளியை நரம்புத் துடிப்புகளாக மாற்றுகின்றது. அத்துடிப்புகள் பார்வை நரம்பின் வழியே சென்று, தலையின் பின்புறத்தில் பிடரிக்கு மேலே அமைந்துள்ள மூளைப் பகுதியை அடைகின்றன. அங்குள்ள கோடிக்கணக்கான நரம்பணுக்கள் வேலை செய்யும்போது அவற்றில் சிறுசிறு மின் மாற்றங்கள் நிகழ்கின்றன. ஒரு தனி அணுவின் மின் மாற்றம் மண்டையோட்டைக் கடந்து வெளியே புலப்படும் அளவுக்கு வலிமை உடையதன்று. ஆயின், பல்லாயிரம் அணுக்கள் ஒரே காலத்தில் ஒருங்கே இயங்கினால், அவற்றின் மின் மாற்றங்கள் ஒன்றுகூடி வலுப்பெற்றுத் தலையின் தோல்மீதும் மெல்லத் தோன்றும். பள்ளியில் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் பாடத்தைத் தனித்தனியே முணுமுணுத்தால், தெருவில் செல்வோர்க்கு வெறும் இரைச்சலே கேட்கும். எல்லாரும் ஒரே வாய்ப்பாட்டை ஒருங்கே ஓதினால், தெருக்கோடியில் நிற்பவர்க்கும் அது தெளிவாகக் கேட்கும் அன்றோ? மூளையின் மின் அலைகளும் அத்தகையனவே.

மூளையில் மின்னோட்டம் உண்டு என்பதை முதலிற் கண்டறிந்தவர் இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்து மருத்துவராகிய ரிச்சர்டு கேட்டன் என்பவர். அவர் முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் நேரே மின்வாய்களை வைத்து ஆராய்ந்து, 1875ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். விலங்கின் கண்ணில் ஒளி பட்டபோது, மூளையின் ஒரு பகுதியில் மின்னோட்டம் மாறுவதையும் அவர் கண்டார். எனினும், மூளையைத் திறவாமலே மனிதனின் மூளை அலைகளை அளக்கும் செயல் அக்காலத்தில் கைகூடவில்லை.

அச்செயலைச் செய்து முடித்தவர் ஜெர்மனியில் ஜீனா நகரத்து மனநோய் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் ஆவார். அறுவை மருத்துவத்தால் மண்டையோட்டின் ஒரு பகுதி நீக்கப்பட்டிருந்த ஓர் இளைஞனிடம் 1924ஆம் ஆண்டில் அவர் முதன்முதலாக மூளை அலைகளைப் பதிவு செய்தார். வேறொருவராயின் மறுநாளே உலகுக்கு அறிவித்து மகிழ்ந்திருப்பார். பெர்கர் அவ்வாறு செய்தாரல்லர். "இவ்வலை மூளையிலிருந்து எழுவதா? அன்றி, குருதிக் குழாய்களின் துடிப்பால் எழுவதா? தோலாலும் தசையாலும் நேர்ந்த மயக்கமா?" என்று ஐயுற்றார். இதயத்தின் மின் துடிப்பையும் உடன் பதிவுசெய்து, இரண்டையும் ஒப்பிட்டார். தம் மகனிடமே பலமுறை அளந்து பார்த்தார். இவ்வாறு 5 ஆண்டுகள் ஆராய்ந்த பின்னரே, 1929இல் தம் முதற்கட்டுரையை வெளியிட்டார். அம்முறைக்கு 'மூளை மின் வரைவு' என்று பொருள்படும் பெயரையும் அவரே சூட்டினார். இன்று மருத்துவமனைகளில் இதனை 'இ.இ.ஜி.' என்று வழங்குவர்.

பெர்கர் கண்ட அலைகளுள் மிகத் தெளிவானது நொடிக்கு ஏறத்தாழ 10 முறை எழுந்து விழுவது. அதற்கு அவர் 'ஆல்பா அலை' என்று பெயரிட்டார். ஒருவர் கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது அது நன்கு தோன்றும். கண்களைத் திறந்ததும் குன்றும். காட்சிக்கும் மூளை அலைக்கும் உள்ள தொடர்பு இதனால் வெளிப்பட்டது. எனினும் அறிஞருலகம் இதனை உடனே ஏற்கவில்லை. இத்துணை எளிதாகத் தோன்றும் சீரான அலை, கருவியின் குறையாகவே இருத்தல் கூடும் என்று பலர் கருதினர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்த எட்கர் ஏட்ரியன் என்பவரும் அவ்வாறு ஐயுற்றவரே. அவர் 1932இல் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர். ஆயினும், கேள்வியுற்ற அளவிலே மறுத்துவிடாமல், பிரையன் மேத்தியூஸ் என்பவரோடு சேர்ந்து தாமே சோதித்தார். ஏட்ரியன் கண்களை மூடியதும் அவர் தலையிலிருந்து ஆல்பா அலை ஒழுங்காக எழுந்தது. மேத்தியூஸின் தலையிலோ அஃது அவ்வளவு நன்றாகத் தோன்றவில்லை. ஒருவர்க்கு உள்ளதுபோலவே மற்றவர்க்கும் இருக்கும் என்று கொள்ளலாகாது என்பதும் இதனாற் புலனாயிற்று. தலையின் பின்புறமே அவ்வலையின் பிறப்பிடம் என்பதை அவர்கள் 1934இல் வெளியிட்டு, அதற்குப் 'பெர்கர் அலை' என்றே பெயரிட்டனர். ஐயுற்றவரே சான்று கூறியதால் பெர்கரின் புகழ் நிலைபெற்றது.

மூளை அலைகளை அளப்பதில் இவ்வளவு ஐயம் எழுவது ஏன்? முதற்காரணம் அவற்றின் சிறுமையாகும். ஒரு வோல்ட்டை 10 இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூறு மைக்ரோவோல்ட்டு எனப்படும். மூளை அலைகளின் அளவு பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்டு வரையில் அமையும். கைவிளக்கில் இடும் சிறு மின்கலத்தின் அழுத்தம் 1.5 வோல்ட்டு, 50 மைக்ரோவோல்ட்டு அலையைப் போல அது 30,000 மடங்கு பெரியது. இரண்டாவது காரணம், தலையின்மேல் வைத்த மின்வாய் மூளையின் மின்சாரத்தை மட்டுமே ஏற்கும் தன்மையது அன்று என்பதாகும். நெற்றித் தசை சுருங்கினாலும், பல்லைக் கடித்தாலும், கழுத்தை இறுக்கினாலும் மின்சாரம் எழும். கண்ணோ ஒரு சிறு மின்கலம் போன்றது. அதன் முன்புறம் பின்புறத்தினும் நேர்மின் தன்மை மிக்கது. ஆதலால், இமைக்கும்போது நெற்றியருகே தோன்றும் மின் மாற்றம் 100 மைக்ரோவோல்ட்டையும் கடக்கும். தோலில் வியர்வை பெருகினால் கோடு மெல்ல ஏறியிறங்கும். அறையிலுள்ள விளக்குகளில் நொடிக்கு 50 சுற்று அதிரும் மின்னோட்டமும் இடையே வந்து கலக்கும்.

இவ்வுண்மையை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று 1970களில் கனடா நாட்டில் ஹாமில்டன் நகரத்தில் நடந்தது. அங்கு மருத்துவர் ஒருவர், எலுமிச்சைச் சுவை ஊட்டிய 'ஜெல்லி' என்னும் இனிப்புக் களியின்மேல் மின்வாய்களைப் பொருத்தினார். நோயாளிகளுக்கு உயிர்ப்பு ஊட்டும் பொறிகள் சூழ்ந்த மருத்துவமனைக் கூடத்தில் அச்சோதனை நடந்தது. உயிரும் உணர்வும் இல்லாத அக்களியிலிருந்து, உயிருள்ள மூளையின் அலைகளைப் போன்ற கோடுகள் கருவியில் வரையப்பட்டன! சுற்றியிருந்த பொறிகளின் மின் அதிர்வே அக்கோடுகளை வரைந்தது. வேடிக்கைக்காகச் செய்த சோதனை அன்று இது. ஒருவர் மூளை உயிரோடு உள்ளதா இல்லையா என்று கருவியைக் கொண்டு முடிவு செய்யும் மருத்துவர்கள், அக்கருவியையும் ஐயுற வேண்டும் என்பதற்கே அவர் அதனைச் செய்து காட்டினார்.

இனி, ஒரு படத்தைக் காணும்போது மூளை அதற்கு விடையாக எழுப்பும் மின் மாற்றம் சில மைக்ரோவோல்ட்டு அளவினதே. இயல்பாக எழும் அலைகளின் இரைச்சலுக்கு நடுவே அஃது அமுங்கிவிடும். அதனைப் பிரித்தெடுக்கும் வழியை லண்டன் நகரத்து அறிஞர் ஜார்ஜ் டாசன் காட்டினார். ஒரே தூண்டுதலைப் பலமுறை தந்து, கிடைத்த கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் புகைப்படத்தில் பதிக்கும் முறையை 1947இல் அவர் கையாண்டார். பின்னர், 1951இல், அவற்றைத் தானே கூட்டித் தரும் கருவியையும் அமைத்தார். அவர் கையிலுள்ள நரம்பைத் தூண்டி ஆராய்ந்தார். அம்முறையே பின்பு காட்சி பற்றிய ஆராய்ச்சிக்கும் வந்து சேர்ந்தது.

இம்முறையின் உட்பொருளை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். பொற்கொல்லர் ஒருவர், காற்று வீசும் இடத்தில் அமர்ந்து துலாக்கோலில் பொன்னை நிறுப்பதாகக் கொள்வோம். காற்று ஒருமுறை தட்டைத் தாழ்த்தும், ஒருமுறை உயர்த்தும். ஒருமுறை மட்டும் நிறுத்தால் எடை பிழைபடும். நூறுமுறை நிறுத்துச் சராசரி கண்டாலோ, தாழ்வும் உயர்வும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, உண்மை எடை புலப்படும். அவ்வாறே 100 முறை அளந்து சராசரி கண்டால், இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். 400 முறை அளந்தால் இருபதில் ஒரு பங்காகும். இரைச்சலைப் பாதியாக்க வேண்டின், நான்கு மடங்கு உழைக்க வேண்டும் என்பது இதன் கணக்கு.

இம்முறையால் பெரும்பயன் விளைந்தது. கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள் நிறைந்த ஒரு பலகையைக் காட்டி, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினால், நலமுடைய கண்ணுடையார்க்கு ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு கழிந்ததும் பிடரிப் பக்கத்தில் ஓர் அலை எழும். அது தோன்றும் காலம் ஒருவரிடத்தில் பெரிதும் மாறுவதில்லை. 1972இல் லண்டன் நகரத்து மருத்துவர் ஹாலிடேயும் அவர்தம் துணைவரும், பார்வை நரம்பில் அழற்சி கண்டவர்களுக்கு அவ்வலை காலந்தாழ்ந்து எழுவதைக் கண்டனர். பார்வை மீண்டு, "இப்பொழுது நன்றாகத் தெரிகின்றது" என்று நோயாளியே சொன்ன பிறகும் அத்தாழ்வு நீங்கவில்லை. கண் மறைத்ததைக் கருவி காட்டிற்று. இன்றும் இச்சோதனையைச் செய்வோர், ஒருமுறை கிடைத்த சராசரியோடு அமையாது, மீண்டும் ஒருமுறை எடுத்து, இரண்டும் ஒத்துள்ளனவா என்று பார்த்தே முடிவு கூறுதல் வேண்டும் என்பது விதி.

அவ்வாறாயின், மீண்டும் மீண்டும் ஒன்றுபோல் வரும் அளவை எல்லாம் மெய்யாகுமா? ஆகாது. முன்னர்க் கூறிய பொற்கொல்லரின் தட்டின் அடியில், அவர் அறியாமல் சிறிது அரக்கு ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். இப்பொழுது நூறுமுறை நிறுத்தாலும் ஆயிரமுறை நிறுத்தாலும் அதே பிழை வரும். அளவை மாறாமல் வருவதைக் கண்டு, அவர் அதனை மேலும் உறுதியாக நம்பவும் கூடும்! காற்றால் வரும் பிழை அலைவது. அரக்கால் வரும் பிழை நிலைத்தது. முன்னதைச் சராசரி நீக்கும், பின்னதை நீக்காது. அளவை ஒன்றுபோல் வருதல் வேறு. அளக்க எண்ணியதையே அளத்தல் வேறு. இவ்விரண்டும் கூடிய வழியே அளவை நம்பத் தக்கதாகும்.

இவ்வேறுபாட்டை உணர்ந்தமையால், பெர்கரின் அலையும் மீண்டும் ஒருமுறை சோதனைக்கு உள்ளாயிற்று. 1970இல் லண்டனில் லிப்போல்டு என்னும் அறிஞர், ஆல்பா அலை மூளையில் எழுவதன்று என்றும், கண்ணை அசைக்கும் தசைகளின் நடுக்கத்தால் எழுவது என்றும் கூறினார். கண் ஒரு மின்கலம் போன்றது ஆதலின், அக்கூற்றைப் புறக்கணிக்க இயலவில்லை. இதனைத் தீர்ப்பது எப்படி? கண்விழிகள் அகற்றப்பட்டோர் சிலரின் தலையில் அளந்து பார்த்தனர். அவர்களிடத்தும் ஆல்பா அலை தோன்றிற்று. 1971இல் வெளியான அம்முடிவால், கண் அதன் பிறப்பிடம் அன்று என்பது உறுதியாயிற்று. பெர்கரின் அலை இரண்டாம் முறையும் வென்றது.

மற்றோர் அலைக்கு அவ்வெற்றி கிட்டவில்லை. ஒரு பொருளின் நிறம், வடிவம், அசைவு ஆகியவற்றை மூளையின் வெவ்வேறு பகுதிகள் தனித்தனியே அறிகின்றன. அவை எவ்வாறு ஒரே பொருளாக இணைகின்றன என்பது பெரியதொரு வினா. 1989இல் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் கிரேயும் சிங்கரும், பூனையின் மூளையில் காட்சிக்குரிய நரம்பணுக்கள் நொடிக்கு ஏறத்தாழ 40 முறை என்னும் விரைவில் ஒத்து இயங்குவதைக் கண்டனர். அவ்வொத்திசைவே பிரிந்தவற்றை இணைக்கும் கயிறு என்று பலர் கருதினர். 1990களில் மனிதர் தலையிலும், படம் தோன்றி 200 முதல் 300 மில்லி நொடிக்குள், 'காமா' எனப்படும் இத்தகைய விரைவலைகள் பெருகுவதாக அளந்தனர். பொருளுடைய படத்தைக் கண்டால் அவை மிகுதியாகவும், பொருளற்ற கோலத்தைக் கண்டால் குறைவாகவும் இருந்தன. பல ஆய்வுக்கூடங்களில் ஒன்றுபோலவே இம்முடிவு கிடைத்தது. உணர்வின் மறைபொருள் விளங்கிவிட்டது என்றே பலரும் நம்பினர்.

ஆயினும், தட்டின் அடியில் அரக்கு இருந்தது. மனிதன் ஒரு புள்ளியை இமையாமல் உற்று நோக்கும்போதும், அவன் அறியாமலே விழிகள் மிகச் சிறிய அளவில் துள்ளிக்கொண்டிருக்கும். 2008இல் எருசலேம் நகரத்து எபிரேயப் பல்கலைக்கழகத்தில் யுவல் கிரீன்பர்க், டியூவெல் முதலிய ஆய்வாளர்கள், மூளை அலைகளை அளக்கும்போதே விழி அசைவையும் தனிக் கருவியால் அளந்தனர். படம் தோன்றியதும் விழித்துள்ளல் முதலிற் குறைந்து, பின்னர் 200 முதல் 300 மில்லி நொடியளவில் மிகுகின்றது. ஒவ்வொரு துள்ளலிலும் கண் தசைகளிலிருந்து கூரிய மின் துடிப்பு ஒன்று எழுகின்றது. அத்துடிப்பே தலையின் மேல் விரைவலையாகப் பதிந்தது என்பதை அவர்கள் காட்டினார்கள். காட்டப்படும் படத்திற்கு ஏற்ப விழித்துள்ளல் மாறுவதால், பிழையும் படத்திற்கு ஏற்ப மாறிற்று. எனவேதான் அஃது எல்லா ஆய்வுக்கூடங்களிலும் உண்மைபோல் ஒழுங்காகத் தோன்றியது. இதற்கு ஓராண்டு முன்னர், 2007இல், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில், தாமே முன்வந்த சிலருக்கு மருத்துவர் மேற்பார்வையில் தசைகளைத் தளர்த்தும் மருந்து தந்து அளந்தபோதும், நொடிக்கு 20க்கு மேற்பட்ட விரைவலைகளுள் பெரும்பகுதி மறைந்தது. அவை தசையின் ஓசையே அன்றி மூளையின் பேச்சு அல்ல என்பது வெளிப்பட்டது.

இதனால், மூளையில் விரைவலையே இல்லை என்று முடிவு கட்டுதல் கூடாது. மூளைக்குள்ளேயே மின்வாய் வைத்து அளக்கும்போது அவை காணப்படுகின்றன. தலையின் மேலிருந்து அளந்த அளவையில் எவ்வளவு மூளைக்குரியது, எவ்வளவு கண்ணுக்குரியது என்பதே வினா. அவ்வினாவை உணர்ந்த பின்னர், ஆய்வாளர்கள் விழி அசைவை உடன் அளந்து, அதன் பங்கைக் கணக்கிட்டு நீக்கும் முறைகளை வகுத்தனர். அண்மை ஆண்டுகளில் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் ஒன்றுகூடி, முன்பு புகழ்பெற்ற மூளை மின் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்க்கவும் முற்பட்டுள்ளன.

தம் முடிவையே ஐயுற்று 5 ஆண்டுகள் காத்திருந்தார் பெர்கர். பிறர் முடிவை ஐயுற்றும், உண்மை புலனானவுடன் அதற்குச் சான்றாக நின்றார் ஏட்ரியன். உலகமே ஒப்பிய முடிவையும் விழி அசைவோடு ஒப்பிட்டுப் பார்த்தனர் எருசலேம் ஆய்வாளர். இவர்கள் ஐயத்தால் அறிவியல் தளர்ந்ததா? இல்லை, உறுதியே பெற்றது. உழவன் நெல்லைத் தூற்றுவது நெல்லின்மேல் பகை கொண்டு அன்று. பதர் பறந்து நெல் நிற்பதற்கே. அறிஞரின் ஐயமும் அத்தகையது. தூற்றிய பின்னும் நிற்பதே மெய். அதனை அஞ்சாமல் நம்பலாம்.